பாத்திரம் கைக்கு வந்த பிறகு

(காஞ்சிபுரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



மாணவர் வாசிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையில் ஒரு நீள நோட்டு கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன். கதை. முதல் பக்கத்திலேயே இளவரசன் வந்துவிட்டான். "படிக்கிற வயசுல இளவரசன் கேக்குதா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. எழுதிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்த பிறகும் நிமிரவில்லை.

இரவு வீட்டில் அந்த நோட்டைப் படித்தேன். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி. பட்டுப் புடவைக் கரையில் நெய்த யாளி நள்ளிரவில் உயிர்பெற்று எழுகிறது. "போன பிறவியில் நீ வானுலகத்து ராணி" என்கிறது. அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. அங்கே ஓர் இளவரசன் நூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறான். கைப்பேசியில் தொடராக வரும் மாயக் காதல் கதைகளின் சாயல்தான். ஆனால் தறி மட்டும் அவள் வீட்டுத் தறி.

நம் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். கோர்வைப் புடவையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். யாளி வந்து கூப்பிடும்போது கதாநாயகி அதனிடம் சொல்கிறாள்: "நான் வந்துட்டா அப்பாவுக்குக் கோர்வை ஆள் யாரு? பத்தாவது முடிஞ்சதும் நான்தான் உக்காரணும்."

அந்த வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை இளவரசனைக் கேட்கவில்லை. "எனக்கு வேறு ஒரு வாழ்வு எழுதியிருக்கிறதா?" என்றுதான் எண்பது பக்கமும் கேட்டிருக்கிறாள். அதைத்தான் நான் வகுப்பு சிரிக்கும்படி கேலி செய்தேன்.

கதையின் முடிவில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. இளவரசன் கைப்பிடிக்கிறான், முடிசூட்டுகிறான், சுபம். ராணியான பிறகு அவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. வானுலகத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். "உன் கதைக்கு ஓர் அக்கா இருக்கிறாள், தெரியுமா? அவள் கதை முடிவதும் நம்ம ஊரில்தான்" என்றேன்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைத்தான் சொன்னேன். உ.வே.சாமிநாதையர் 1898இல் அதைப் பதிப்பித்து நம் கைக்குத் தந்தார். பாடநூலில் வரும் சில அடிகளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் எப்படிப்பட்ட கதை இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை.

மாதவியின் மகள். பிறந்த குலத்தால் ஆடல் மேடைதான் அவள் விதி என்று புகார் நகரம் முடிவு செய்து வைத்திருக்கிறது. சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் தேடித் தேரில் வருகிறான். அவள் பளிக்கறைக்குள் புகுந்துகொள்கிறாள். தன் மனமும் அவன்பின் போவதைத் தோழி சுதமதியிடம் அவள் ஒளிக்கவில்லை. அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து மணிபல்லவத் தீவில் விடுகிறது. புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பு தெரிகிறது: போன பிறவியில் அவள் இலக்குமி; கணவன் இராகுலன்; அவனே இன்று உதயகுமரன். தெய்வம் மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைத் தாங்க. பிறகு கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கையில் ஏறுகிறது.

யாளிக் கதை எழுதிய பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். காப்பியத்தில் 30 காதைகள். பாத்திரம் பெற்றது 11ஆம் காதை. இன்றைய மாயக் கதையாக இருந்தால் அங்கேயே சுபம் போட்டிருப்பார்கள். சாத்தனார் இன்னும் 19 காதைகள் எழுதுகிறார். 'நீ யார்' என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு வேலை தொடங்குகிறது.

அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. முன்பு அது ஆபுத்திரன் கையில் இருந்தது. மழை பெய்து நாடு செழித்தது. உணவு கேட்டு வருவார் இல்லை. பசித்தோரைத் தேடிக் கப்பலேறியவன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். ஊட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் இந்தப் பாத்திரம் எதற்கு என்று பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறந்தான். வரம் கையில் இருந்தால் போதாது. அது யாருக்குத் தேவையோ அவர்கள் நடுவில் இருக்க வேண்டும். மணிமேகலை பாத்திரத்தோடு புகாருக்குத் திரும்பி வந்தது அதனால்தான்.

வந்தவுடன் பாத்திரம் தானாக நிரம்பியதா? இல்லை. ஆதிரை வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகே அது வற்றாத பாத்திரம் ஆகிறது. தெய்வம் தந்த பாத்திரத்துக்கும் முதல் கவளம் ஒரு பெண்ணின் அடுக்களையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. ஆசிரியர்களாகிய நாம் இந்தக் கதையில் யார் என்று கேட்டால், நான் ஆதிரையைத்தான் சொல்வேன். பாத்திரம் பிள்ளையுடையது. முதல் கவளம் நம்முடையது.

பிறகு அவள் என்னென்ன செய்கிறாள்! தீராப் பசி நோய் கொண்ட காயசண்டிகையின் பசியை ஒரு கவளத்தால் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்துக்குள் போய்க் கைதிகளுக்கு உணவிடுகிறாள். மன்னன் என்ன வேண்டும் என்று கேட்டபோது, சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். புகாரைக் கடல் கொண்ட பிறகு, மழையின்றிப் பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வருகிறாள். இங்கே பாத்திரத்தை வைத்து எல்லாரையும் அழைத்து ஊட்டுகிறாள். அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவம் மேற்கொள்கிறாள். நம் ஊரில் ஒரு காலத்தில் பௌத்தம் தழைத்திருந்ததற்கு இங்கே கிடைத்த புத்தர் சிலைகளே சான்று. அவற்றுள் ஒன்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

கதை முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "டீச்சர், மூணு மந்திரம் தெரிஞ்சும் உதயகுமரனைக் காப்பாத்த முடியலையே?"

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் காயசண்டிகை வடிவில் இருந்தபோது, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தவறாகச் சந்தேகப்பட்டு இளவரசனை வாளால் வெட்டினான். அவள் கதறி அழுதாள். மந்திரம் அவளுக்குச் செயல் தந்தது. இழப்பே இல்லாத வாழ்வைத் தரவில்லை. அழுதுவிட்டு அவள் மறுபடியும் பாத்திரத்தை எடுத்தாள். இதைத்தான் சொன்னேன்.

பையன்களோடும் இந்த இடத்தில் பேச நிறைய இருக்கிறது. விரும்பாத பெண்ணைப் பின்தொடர்வது, விசாரிக்காமல் சந்தேகப்படுவது என்று உதயகுமரனும் காஞ்சனனும் செய்த பிழைகளை, அறிவுரை வகுப்பில் சொன்னால் கேட்காதவர்கள் கதையில் கேட்கிறார்கள்.

இன்னோர் இடமும் முக்கியம். இளம்பெண்ணாகப் போனால் சமயவாதிகள் தம் பொருளை உரைக்க மாட்டார்கள் என்று தெய்வம் முன்னமே சொல்லியிருந்தது. அதனால் வஞ்சி மாநகரில் அவள் ஆண் துறவியாக உருமாறிப் போய்த்தான் அவர்களிடம் கேட்கிறாள். பெண் உருவோடு கற்க முடியாத காலம் அது. இன்று நம் வகுப்பறையில் ஒரு பெண் பிள்ளை உருமாறாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த இடத்தை அவளுக்குக் காத்துக் கொடுப்பது நம் கடமை.

வகுப்பில் நான் செய்து பார்த்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மணிமேகலைக் கதையைப் பாத்திரம் கிடைக்கும் இடம்வரை சொல்லி நிறுத்துங்கள். "நாளைக் காலையில் அவள் என்ன செய்வாள்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பென்றால், "அமுதசுரபி உன் கையில் இருந்தால் முதலில் யாருக்குக் கொடுப்பாய்?" என்று கேட்டால் போதும். சத்துணவு சாப்பிட்டு வளரும் நம் பிள்ளைகளுக்குப் பசியைப் பற்றி எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடைகளைத் திருத்தாதீர்கள். படியுங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணின் அம்மாவைச் சந்தித்தேன். "டீச்சரம்மா, ஆள் வச்சா கூலி கட்டுப்படியாகல" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், எதிர்த்துப் பேசவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அவள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த ஆண்டைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நோட்டில் 'சுபம்' என்ற சொல்லை அடித்துவிட்டாள். ராணி யாளியின்மேல் ஏறிப் பிள்ளையார்பாளையத்துக்கே திரும்பி வருகிறாள். வந்து என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கிறேன், டீச்சர்" என்றாள்.

அவள் யோசித்து முடிக்கும்வரை அவளைப் பள்ளியில் இருக்க வைக்க வேண்டும். அடுத்த முறை ஒரு நோட்டு கைமாறுவதைப் பார்த்தால், பிடுங்குவதற்கு முன் ஒரு பக்கம் படித்துவிடுங்கள்.