கடல் கடந்து பொருளியல் கற்றல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இங்கிலாந்திலே ஒரு சர்வகலாசாலையில் பொருளியல் பயின்று வரும் நான் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். அப்படிப்பைப் பற்றி இச்சபையிலே சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டார். இரண்டு ஆண்டுகளே கற்ற ஒருவனின் பேச்சில் குறைகள் இருக்கும். பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

ஊருக்கு வந்த நாள் முதல் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. எவ்வளவு செலவாகும்? முடித்தால் என்ன சம்பளம்? திரும்பி வருவாயா? இவற்றுக்கு என்னாலியன்ற விடை கூறுவேன். ஆனால் எவரும் கேளாத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. எதை அறிந்துகொள்வதற்காகப் போகிறாய் என்பதே அது. நானும் அதனை என்னிடம் கேட்டுக்கொள்ளாமலே விமானம் ஏறியவன்.

முதலில் செலவைக் கூறுகிறேன். இங்கிலாந்திலே பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். அந்நாட்டு மாணவர் கட்டுவதிலும் பிறநாட்டு மாணவர் மிக அதிகமாகக் கட்டணம் கட்டவேண்டும். தவணைக் காலத்திலே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா இடங்கொடாது. அந்த உழைப்பு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓரளவு துணையாகும், கட்டணத்துக்குப் போதாது. அங்கே உழைத்துக் கட்டிவிடலாம் என்று கூறும் தரகரை நம்பிக் காணியை விற்றுவிடாதீர்கள்.

என் தந்தையார் ஓர் ஆசிரியர். நான் பாலர் வகுப்பிலிருந்த காலந்தொட்டு என் மேற்படிப்புக்கென வங்கியிலே பணம் சேர்த்து வந்தார். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 20 இலட்சம் ரூபாவாயிருந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே அத்தொகை 10,000 டொலருக்குச் சமம். மார்ச் மாதத்திலே மத்திய வங்கி ரூபாவைத் தாங்கியிருந்த கையை எடுத்தது. மே மாதத்திலே ஒரு டொலருக்கு ஏறத்தாழ 360 ரூபா கொடுக்கவேண்டியதாயிற்று. ஐயாவின் வங்கிப் புத்தகத்திலே ஒரு சதமேனும் குறையவில்லை. ஆயினும் 10,000 டொலர் 5,600 டொலரிலும் குறைந்துவிட்டது. அன்றிரவு ஐயா அப்புத்தகத்தை விரித்து வைத்தபடி வெகுநேரம் பேசாமலிருந்தார்.

அம்மாவிடம் சங்கிலியும் சில காப்புகளும் இருந்தன. உலகச் சந்தையிலே பொன்னுக்கு டொலரில் விலை பேசப்படுகிறது. ஆதலால் ரூபா விழ, நம் நாட்டிலே பொன்னின் விலை ஏறிற்று. "தம்பி, காசு கரையும், நகை கரையாது எண்டு அம்மம்மா சொல்லுவா" என்று சொல்லி அம்மா அவற்றை அடைவு வைத்தார். அப்பணத்தோடு ஒரு சிறிய உபகாரச் சம்பளமும், கனடாவிலுள்ள மாமா தந்த கடனும் சேர்ந்தே என்னை 2023இல் அனுப்பிவைத்தன. நாணயத்தின் வீழ்ச்சிக்கெதிராகச் செல்வத்தைப் பாதுகாக்கும் முறையைப் பற்றிப் பிற்பாடு பாடநூலிலே ஓர் அத்தியாயம் படித்தேன். அம்மாவின் காப்புகள் அந்தக் காப்பையே செய்திருந்தன.

நான் படித்த மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் நன்கு கற்பித்தார்கள். ஆகவே மொழி எனக்குத் தடையாகவில்லை. கணிதமே தடையாயிற்று. சாதாரண தரத்தோடு கணிதத்தைக் கைவிட்டு, வர்த்தகப் பிரிவிலே உயர்தரம் சித்தியடைந்தவன் நான். பெயர்பெற்ற பல சர்வகலாசாலைகள் பொருளியலுக்கு உயர்தரக் கணிதம் வேண்டுமென வற்புறுத்துகின்றன. எனக்கு இடந்தந்த சர்வகலாசாலை அவ்வாறு வற்புறுத்தவில்லை. அதை அதிர்ஷ்டம் என எண்ணினேன். முதற்றவணையிலே நுண்கணிதமும் புள்ளிவிபரவியலும் வந்தபோது, இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து பள்ளிக் கணக்குகளை முதலிலிருந்து செய்தேன். இங்கிருக்கும் தம்பி தங்கையரே, பொருளியல் கற்க விரும்பினால் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி என் மனத்தை மாற்றிய ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நாணயங்கள் எவ்வாறு வீழ்கின்றன என்பதற்கு உதாரணமாக விரிவுரையாளர் திரையிலே ஒரு கோட்டைக் காட்டினார். அது இலங்கை ரூபா. இரண்டு நிமிடம் பேசிவிட்டு வேறொரு நாட்டுக்குச் சென்றுவிட்டார். அந்தக் கோடு செங்குத்தாக விழுந்த இடத்திலே நான் ஐயாவின் வங்கிப் புத்தகத்தைக் கண்டேன். மண்ணெண்ணெய்க் கலன்களோடு விடியுமட்டும் வரிசையில் நின்ற என் ஊரவரைக் கண்டேன். எங்கள் துன்பம் இவர்களுக்கு இரண்டு நிமிடந்தானா என்று கோபங்கொண்டேன்.

விடுதிக்கு நடந்து போகையிலே வேறொரு எண்ணம் வந்தது. வரிசையிலே நின்ற எங்களுக்கு, ஏன் நிற்கிறோம் என்று தெரிந்திருந்ததா? நாடு பல ஆண்டுகளாக ஏற்றுமதியிலும் அதிகமாக இறக்குமதி செய்தது. அந்த இடைவெளியின் ஒரு பகுதியைக் கடனால் நிரப்பியது. 2019இன் இறுதியிலே வரிகள் குறைக்கப்பட்டு அரசாங்க வருமானம் சுருங்கியது. 2020இலே நோய்ப் பரவலால் உல்லாசப் பயணிகளின் வரவு நின்றது. ரூபாவை 200இலே பிடித்துவைப்பதற்காகக் கையிருப்பு டொலர்கள் செலவிடப்பட்டன. 2022 ஏப்ரல் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளே இருந்தன. விரிவுரையாளர் எங்கள் வரிசையை அறியார். நாங்கள் அவருடைய கோட்டை அறியோம். இரண்டையும் அறிந்தவர்கள் நமக்கு வேண்டும். அத்தகையோர் உருவாவதற்கென்றால் கடல் கடந்து போவதில் பயனுண்டு.

இவ்வாறு வாழ்ந்து காட்டிய ஒருவரின் சரித்திரத்தைச் சொல்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளிலே சென் லூசியா என்ற சிறு தீவில் 1915இல் ஆதர் லூயிஸ் பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். தாயார் ஐந்து ஆண்மக்களையும் வளர்த்தார். பதினான்கு வயதிலே பள்ளிப்படிப்பை முடித்து அரசாங்க எழுதுவினைஞராக வேலை பார்த்தார். பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று 1933இல் இலண்டன் பொருளியற் கல்லூரியிலே சேர்ந்தார். எந்திரவியல் கற்பதே அவருடைய ஆசை. கறுப்பரான எந்திரியை அத்தீவிலே எவரும் வேலைக்கு அமர்த்தார் என்பதனால் வணிகப் பட்டத்தைத் தேர்ந்தார். பொருளியல் என்றால் என்னவென்றே அப்போது தமக்குத் தெரியாது என்று பிற்காலத்திலே அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் தம் ஊரின் வறுமையை அவர் அறிந்திருந்தார். 1939இலே மேற்கிந்தியத் தொழிலாளர் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஏழை நாடுகளிலே உற்பத்தி பெருகினாலும் கூலி ஏன் உயர்வதில்லை என்ற கேள்வியை ஆராய்ந்து 1954இலே வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1979இலே நோபல் பரிசு பெற்றார். அவர் கற்ற நூல்களை வேறு பலரும் கற்றார்கள். கரும்புத் தோட்டக் கூலியாளை மனத்திலே வைத்துக்கொண்டு அவர் கற்றார். நாம் பின்பற்ற வேண்டியது அதுவே.

கடல் கடக்க வசதியில்லாதோர் மனந்தளர வேண்டாம். இலண்டன் சர்வகலாசாலை 1858 முதல் வெளிவாரி மாணவருக்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1921இலே கொழும்பில் தொடங்கிய சர்வகலாசாலைக் கல்லூரியிலே நம் முன்னோர் படித்தது அப்பட்டங்களுக்கே. இன்றும் ஊரிலிருந்தபடியே அந்தச் சர்வகலாசாலையின் பொருளியற் பட்டத்துக்குப் படிக்கலாம். நம் நாட்டுச் சர்வகலாசாலைகளும் இருக்கின்றன. ஊரைப் பற்றிய கேள்வி உள்ளத்திலே இருந்தால், எங்கிருந்து கற்றாலும் கல்வி பயன்தரும்.

எனக்குரிய கேள்வியை அம்மாவே தந்துவிட்டார். நகை இருந்ததனால் நான் படிக்கப் போனேன். அடைவு வைக்க ஒரு குண்டுமணிப் பொன்னும் இல்லாத வீடுகள் அவ்வாண்டை எப்படிக் கடந்தன? சீட்டுப் பிடித்தார்களா, வட்டிக்கு வாங்கினார்களா, பிள்ளையின் படிப்பை நிறுத்தினார்களா? இறுதி ஆண்டுக் கட்டுரைக்கு இதனையே எடுத்திருக்கிறேன். இவ்விடுமுறையிலே அயல் வீடுகளுக்குச் சென்று கேட்டு எழுதி வருகிறேன். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு தாய் சொல்லத் தொடங்கிப் பாதியிலே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதை எழுதிக்கொள்ள எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சம்பளம் என்ன என்று கேட்டவர்களுக்கு ஒரு தொகையைச் சொல்ல என்னால் இயலாது. வேலை கிடைக்கும் காலத்தையும் இடத்தையும் பொறுத்தது அது. திரும்பி வருவாயா என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அடைவிலிருக்கும் நகைகளை மீட்கவேண்டும். மாமாவின் கடனைத் தீர்க்கவேண்டும். ஆகவே படிப்பு முடிந்த மறுநாளே வந்துவிடுவேன் என்று இச்சபையிலே பொய் கூற மாட்டேன். ஆனால் ஒன்று உறுதி. ஒவ்வொரு விடுமுறையிலும் இம்மண்டபத்திலே உயர்தர மாணவருக்குக் கணிதமும் பொருளியலும் சொல்லித்தருவேன். நாளை மாலை ஐந்து மணிக்கு முதல் வகுப்பு. கட்டணம் இல்லை, கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.

பெரியோர்களே, பிள்ளைகளை அனுப்பும்போது என்ன சம்பளம் வருமென்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. அதனோடு, எதை அறிந்து வரப் போகிறாய் என்றும் ஒருமுறை கேட்டு அனுப்புங்கள்.