பங்குச் சந்தையும் பொதுமக்கள் வெகுளியும்

(இராயப்பேட்டையில் கூடிய நம் சங்க ஆண்டுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கல்வி நிதியை வங்கியினின்று எடுத்துப் பங்குகளில் இட்டால் ஈராண்டில் இருமடங்காகும் என இளைஞர் சிலர் உரைத்தனர். இசையாத முதியோரைச் சினந்தும் பேசினர். இதுபற்றி யாம் கண்டதொன்றைக் கூற விழைகின்றோம்.

1992ஆம் ஆண்டில் யாம் பள்ளிச் சிறுவர். அவ்வாண்டு ஜனவரி 15இல் பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியெண்ணாகிய சென்செக்ஸ் 2,000ஐக் கடந்தது. மார்ச்சு 30இல் 4,000ஐக் கடந்தது. இரண்டரைத் திங்களில் நாட்டின் ஆலைகள் இருமடங்கு பெருகினவோ? இல்லை. ஹர்ஷத் மேத்தா என்னும் தரகர், அரசுக் கடன் பத்திரங்களுக்காக வங்கிகளுக்கிடையே செல்லவேண்டிய பெரும்பொருளைப் பங்குகளின்பால் திருப்பியிருந்தார். பத்திரமேயில்லாத வெற்று வங்கி இரசீதுகளும் அதற்குத் துணையாயின. ஏப்ரல் 23இல் செய்தித்தாள் ஒன்று உண்மையை வெளியிட்டது. ஓராண்டில் குறியெண் ஏறக்குறையப் பாதியாய்க் குன்றிற்று.

எம் தந்தையாரும் ஆசிரியரே. தமக்கையார் திருமணத்திற்கெனச் சேர்த்த பொருளை அவ்வேப்ரல் தொடக்கத்தில் பங்குகளில் இட்டார். "எதனால் விலை ஏறுகின்றது?" என வினவிய அன்னையாரைக் கடிந்தார். விலை வீழ்ந்தபின் தரகரை வைதார், அரசை வைதார், "அச்செய்தியை வெளியிடாதிருந்தால் விலை நின்றிருக்குமே!" எனச் செய்தித்தாளையும் வைதார். திருமணம் ஈராண்டு தள்ளிற்று.

அன்பர்களே! வஞ்சித்தார்மேற் கொள்ளும் வெகுளி அறமே. ஆயின், ஏறுங்கால் வினவினாரைச் சினந்து, வீழுங்கால் உண்மை உரைத்தாரையும் சினப்பது அறமாகாது. அது நம் ஆசையின் வேறோர் உருவமே.

பயன்தந்த வெகுளியும் நம் சென்னையில் உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பணமிட்டிருந்த குடும்பங்கள் பல நலிந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை புகுந்தார். மயிலாப்பூர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் அவ்வளவில் அமையாது, 1907இல் இந்தியன் வங்கியை நிறுவினர். வெகுளி வசையாய் ஒழியாது செயலாய் முதிர்ந்தது.

பங்கு வாங்குதல் குற்றமென்று யாம் கூறவில்லை. இளைஞர் தம் சொந்தப் பொருளில், இழந்தாலும் இல்லறம் குலையாத அளவு, கணக்கேடுகளைக் கற்றறிந்து வாங்குக. கல்வி நிதியோ நம்முடையதன்று. வரும் ஜூனில் கட்டணம் கட்ட இயலாது நம் வாயிலில் நிற்கப்போகும் பிள்ளைகளுடையது. அவர்களைக் கேளாமல் அதனைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. அஃது வங்கியிலேயே இருக்கட்டும் என்பது எம் வேண்டுகோள்.

அன்னையார் வினவிய "எதனால்?" என்னும் ஒரு சொல்லை நம் இல்லந்தோறும் வைப்போமாக. அதனைக் கேட்பாரைச் சினவாதிருப்போமாக.