கமா இருந்த இடம்



வாடிக்கையாளர் ஆய்வு பற்றிய கருத்தரங்கு என்றால் சென்னையிலோ கோவையிலோ ஏசி அறையில் நடப்பதுதான் வழக்கம். தொப்பம்பட்டியில்தான் நடத்துவோம் என்று அமைப்பாளர்கள் பிடிவாதம் பிடித்தபோது முதலில் முகம் சுளித்தவன் நான். காலையில் பழனி பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் நின்றேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் என்ன விலை போனது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் அறிக்கைகளில் மேற்கோள் குறிக்குள் அடைபடுவது இந்தப் பேச்சுதான். வந்தது சரி என்று பட்டது.

இந்தப் பக்கம் எனக்குப் புதிதல்ல. பல வருடங்களுக்கு முன் ஒரு சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனிக்காக இங்கே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேட்டி எடுத்திருக்கிறேன். ஓர் அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் ஒரு வாக்கியம்: “தண்ணி பாதிக்குப் பாதி மிச்சமாகுதுங்க, ஆனா கோடையில எலியும் அணிலும் குழாயக் கடிச்சுப் போடுது, சொன்னா ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கறதில்லீங்க.” கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையில் இது எப்படி வந்தது தெரியுமா? “தண்ணி பாதிக்குப் பாதி மிச்சமாகுதுங்க.” அவ்வளவுதான். கமா இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தது நான். அவர் சொல்லாத எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை; ஆனாலும் அது அவர் சொன்னது இல்லை. அடுத்த வருடம் போனபோது மோர் கொடுத்துவிட்டு, “எழுதிட்டுப் போனீங்களே, ஆள் எப்ப வருவாங்க?” என்று கேட்டார். மோரைக் குடித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

தமிழில் மேற்கோள் என்பது சாதாரணக் காரியமாக இருந்ததில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி முழு நூலாக நம்மிடம் இல்லை. எஞ்சியதில் 19 பாடல்கள் புறத்திரட்டு என்ற தொகை நூலில் இருப்பதால்தான் பிழைத்தன. முத்தொள்ளாயிரம் நமக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் அதே தொகுப்பாளரின் புண்ணியத்தில்தான். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அவர் எடுத்தது இருக்கிறது, எடுக்காதது போயிற்று. நம் வேலையும் அதுவேதான். நாற்பது பேரின் பேச்சுப் பதிவு ஏதோ ஒரு கணினியில் கிடந்து அழிந்துபோகும். மேலிடத்தில் இருப்பவர் படிக்கப்போவது நாம் பொறுக்கிய பத்து வரியை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. குண்டலகேசியை மறுக்க எழுந்த நூல் நீலகேசி. அதன் உரையில்தான் குண்டலகேசிப் பாடல்களின் தொடக்கங்கள் பல பதிவாகியிருக்கின்றன. மறுக்க வந்தவர்களின் ஏட்டில் எதிராளியின் சொல் தங்கியிருக்கிறது. நம் முடிவுக்கு ஒத்துவராத பேச்சுக்கு நம் அறிக்கையில் அத்தனை இடமாவது கொடுக்கிறோமா?

அடுத்து, “பரவாயில்லீங்க.” இந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் ‘திருப்தி’ என்று மொழிபெயர்த்த கட்டுரைகள் என் பார்வைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. நன்றாகவே இருக்கிறது என்பதற்கும் பரவாயில்லை. ஏதோ ஓடுகிறது என்பதற்கும் பரவாயில்லை. விடுங்க, உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதற்கும் அதேதான். குரலும், இழுப்பும், சொல்லும்போது பார்வை போன திசையும்தான் பொருளைச் சொல்லும். “பாக்கலாங்க” என்பதும் பல நேரம் மரியாதையான மறுப்புதான். ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் பேசியவரின் தமிழையும், அதற்கு முன்னால் நாம் கேட்ட கேள்வியையும் அச்சிடுங்கள். “சர்வீஸ் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டு “ஆமாங்க” வாங்கிக்கொண்டு, ‘சர்வீஸ் நன்றாக இருப்பதாகக் கூறினார்’ என்று எழுதினால், அங்கே பேசியது யார்?

நன்றாகப் பேசுகிறவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அறிக்கையின் ஐந்து மேற்கோளில் மூன்று அவருடையதாக இருக்கும். யார் பேச்சை எத்தனை முறை எடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பலர் பேச்சைப் பொறுக்கி ஒன்றாகக் கோக்கும் இந்தச் சிக்கல் பெரிய இடங்களிலும் உண்டு. உலக வங்கி 2000-இல் ஏழைகளின் குரல்கள் என்ற வரிசையின் முதல் நூலை வெளியிட்டது. 50 நாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டோரின் பேச்சிலிருந்து எழுந்த 81 அறிக்கைகளைத் தொகுத்த நூல் அது. அதை எழுதியவர்களில் இருவரான ஆன் ரேட்மேக்கரும் ராஜ் படேலும் 2002-இல் வெளியான கட்டுரையில், தனித்தனி ஊர்ப் பேச்சுகள் ஒரே உலகக் கதையாகக் கோக்கப்பட்ட விதத்தைத் தாங்களே கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்த நேர்மைக்காகவே மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

பெயரை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ‘மூன்று ஏக்கர் முருங்கையும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும், கணவரை இழந்த பெண், வயது 52’ என்று எழுதினால் டெல்லியில் யாருக்கும் தெரியாது. இங்கே பால் சொசைட்டி வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மாட்டை எடுத்துவிடலாம், வயதை ஐம்பதுகளில் என்று சொல்லலாம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் திரும்பப் போய், “இதைப் போட்டுக்கலாமாம்மா?” என்று கேட்கலாம். பஸ் செலவுதான்.

மேற்கோளே வேண்டாம், எண்ணிக்கை போதும் என்கிற நண்பர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களுக்குத் தலைவர் என்ற உரிமையில் ஒரு நிபந்தனை. தொடங்கும் முன், உங்கள் கட்டுரையில் சேர்க்காமல் விட்ட பேச்சு ஒன்றை, முழு வாக்கியமாக, அவர் சொன்ன தமிழிலேயே படித்துக் காட்டுங்கள். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். முதல் அமர்வுக்காரர்கள் மேடைக்கு வரலாம்.