நிலையும் பிடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். நான் இன்று மற்போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், லயத்துக்குக் கீழுள்ள புல்தரையில் நம் சிறுவர் சிலர் கட்டிப் புரண்டு கொண்டிருந்தனர். பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு என்னும் கலையின் பிடிகளைக் கைப்பேசியில் கண்டு, அவற்றைத் தாமே முயன்று பார்த்தனர். ஒருவன் மற்றவனுடைய கழுத்தை முன்கையால் வளைத்து நெருக்கினான். நெருக்குண்டவனின் முகம் கறுத்தது. 'விடு' என்று தெரிவிக்கும் வழியை அவன் அறியான். விடவேண்டிய வேளையை இவன் அறியான். நான் ஓடிச் சென்று இருவரையும் பிரித்தேன். சிறிது நேரம் சென்ற பிறகே அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

அன்றிரவு அவன் தாயார் என்னைத் தேடி வந்தார். "இந்த வம்பு விளையாட்டை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார். அவருக்கு அப்பொழுது என்னால் தக்க விடை கூற இயலவில்லை. இன்று கூற விரும்புகிறேன்.

நிறுத்த வேண்டா, அம்மா. முறையாகக் கற்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் செய்த பிழை மற்போர் பயின்றது அன்று. கடைசியில் கற்க வேண்டியதை முதலில் கற்றதே அவர்கள் செய்த பிழை. இக்கலையில் நிலை என்று ஒன்று உண்டு; பிடி என்று ஒன்று உண்டு. எதிரியின் உடலுக்கு எதிரே நம் உடல் எங்கு, எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது நிலை. அவனைத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்யும் நெருக்கும் முறுக்கும் பிடி. நிலை முன்னர், பிடி பின்னர் என்பதே இக்கலையின் முதல் விதி.

இவ்விதி நமக்குப் புதியது அன்று. புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியை அது காட்டுகிறது. கிள்ளியின் ஒரு கால் மல்லனுடைய மார்பின்மேல் மண்டியிட்டு அழுத்துகிறது; மறுகால் மல்லன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறமாக வளைந்திருக்கிறது. எதிரியின் உடல்மேல் முழங்காலை ஊன்றும் இந்நிலைக்கு இன்றைய ஜியு-ஜிட்சுப் போட்டிகளில் இரண்டு புள்ளிகள் அளிக்கின்றனர். நம் புலவரோ கால் எங்கே இருந்தது, மறுகால் என்ன செய்தது என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உற்று நோக்கிப் பாடிவிட்டார்.

அப்பாட்டில் கிள்ளிக்கு உவமையாக வருவது, பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானை. யானையைப் பற்றிச் சின்னக்கானல் மக்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் கரையில் நாம் நாளும் காண்பது அது. அதனால் துயர் உற்ற குடும்பங்களும் நம்மிடையே உண்டு. யானை ஒரு கிளையை ஒடிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பகுதியைக் காலால் மிதித்து அசையாமல் நிறுத்துகிறது. அதன்பின் மறுபகுதியைத் துதிக்கையால் பற்றி இழுக்கிறது. மிதிப்பது நிலை, இழுப்பது பிடி. அத்துணைப் பெரிய வலிமை உடைய விலங்கே மிதியாமல் இழுப்பதில்லை என்றால், நம் பிள்ளைகள் மட்டும் நிலையின்றிப் பிடியைத் தேடுவது தகுமோ?

இனி, இக்கலை பிரேசில் நாட்டை அடைந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்னும் ஆசிரியர் 1882இல் கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி, பழைய ஜுஜுட்சு முறைகளைத் திருத்தி ஜூடோவாக வகுத்தார். அக்கூடத்தில் பயின்ற மிட்சுயோ மேடா பல நாடுகளிலும் பொருது, 1914இல் பிரேசிலை அடைந்து, பின்னர் பெலெம் நகரில் குடியேறினார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1908இல், கசாட்டோ மாரு என்னும் கப்பலில் ஜப்பானியக் குடும்பங்கள் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்றிருந்தன. மலைத் தோட்டங்களை நம்பிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களின் கதையை நாம் வேறு எவரிடமும் கேட்டறிய வேண்டுவதில்லை. மேடாவிடம் கற்ற கார்லோஸ் கிரேசி தம் தம்பியரோடு இக்கலையை வளர்த்தார். அவர்களுள் மெலிந்த உடலினரான ஹீலியோ கிரேசி, வலிமை குறைந்தவரும் கையாளுமாறு இதனைச் செப்பம் செய்தார். அவர் மகன் ராய்ஸ் கிரேசி 1993இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், தம்மினும் எடை மிக்க மூவரை ஒரே இரவில் வென்றார். உலகம் இக்கலையை உற்று நோக்கியது அதன் பின்னரே. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் ஜியு-ஜிட்சு முதன்முறையாக இடம்பெற்றது.

மெலிந்தவர் வென்றது எவ்வாறு? போட்டிகளின் புள்ளி முறையே அதற்கு விடை கூறும். எதிரியை வீழ்த்தினால் இரண்டு புள்ளிகள். கீழே கிடந்தவன் புரட்டி மேலே வந்தால் இரண்டு. கால்களின் காவலைக் கடந்து பக்கத்தில் அமர்ந்தால் மூன்று. மார்பின்மேல் ஏறி அமர்ந்தால் நான்கு. முதுகைக் கைப்பற்றி இரு கால்களையும் உள்ளே கொளுவினால் அதற்கும் நான்கு. ஒவ்வொரு நிலையையும் மூன்று நொடி நிறுத்திக் காட்ட வேண்டும். பிடி நிறைவுற்றால் ஆட்டம் முடிந்துவிடும். அதுவரை எண்ணிக்கையில் ஏறுவது நிலையே. முதுகுக்கு ஏன் நான்கு? அங்கிருந்து நாம் அவனைத் தாக்கலாம். அவன் நம்மைக் காணவும் இயலாது.

கீழே கிடப்பவனின் நிலையை முதலில் ஆராய்வோம். புதிதாகப் பயில்பவன் பெரும்பொழுதைக் கழிப்பது அங்கேதான். ஒலிம்பிக் மற்போரில் இரு தோள்களும் தரையில் அழுந்தினால் ஆட்டம் முடிந்தது. இக்கலையில் அவ்வாறு அன்று. மல்லாந்து கிடப்பவனுக்கும் கால்கள் உள்ளன. எதிரியைத் தன் கால்களுக்கு இடையே நிறுத்திக்கொண்டால், அதுவே அவனுக்குக் காவல். இந்நிலையைக் கார்டு என்பர். காவல் உள்ளவரை கீழே கிடப்பவன் தோற்றவன் அல்லன். அவனும் தாக்கலாம், புரட்டலாம்.

காவல் உடைந்து, எதிரி பக்கத்தில் வந்து மார்போடு மார்பு அழுத்திவிட்டால் என் செய்வது? பழகாதவன் இரு கைகளையும் நீட்டி மேலே தள்ளுவான். அது பெரும்பிழை. நீட்டிய கை விரைவில் சோரும். எதிரி பற்றி மடக்குவதற்கும் அதுவே எளிது. கொழுந்து மூட்டை சுமக்கும் நம் தாய்மார் சுமையை உடலோடு அணைத்துக்கொள்வரேயன்றிக் கைநீட்டிப் பிடிப்பதில்லை. அவ்வாறே முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். மல்லாந்து கிடவாமல் எதிரியின் பக்கமாகச் சற்று ஒருக்களிக்க வேண்டும். ஒரு முன்கையை அவன் கழுத்தருகிலும் மற்றொன்றை அவன் இடுப்பிலும் தடையாக ஊன்ற வேண்டும். பிறகு கால்களைத் தரையில் உதைத்து, நம் இடுப்பைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அவனைத் தள்ள முயலாதே. நீ நகர் என்பதே இங்கே பாடம். எண்பது கிலோ எடையைத் தூக்குவது அரிது. நம் இடுப்பை ஒரு சாண் நகர்த்துவது எளிது. அந்த ஒரு சாண் இடைவெளியில் முழங்காலை நுழைத்தால் காவல் மீண்டும் அமைந்துவிடும்.

மேலே இருப்பவனுக்கும் பாடம் உண்டு. அவன் கைவலியால் அழுத்தலாகாது. எடையால் அழுத்த வேண்டும். முழங்கால்களைத் தரையில் பதித்தால் எடையின் பெரும்பகுதி தரைக்கே போய்விடும். கால்விரல்களில் ஊன்றி மார்பைச் சாய்த்தால் அவ்வெடை எதிரியின்மேல் இறங்கும். எதிரியின் இடுப்பை அசையாமல் நிறுத்த வேண்டும். அவன் முகத்தைத் தோளால் அப்புறம் திருப்பிவிட வேண்டும். முகம் அப்புறம் திரும்பியவனுக்கு இப்புறம் புரண்டு எழுவது மிகக் கடினம். ஓர் இடத்தில் உறுதியாக அமர்ந்த பிறகே அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். அவசரப்பட்டுப் பிடியைத் தேடி நிலையை இழந்தவன், மறுகணம் கீழே கிடப்பான்.

நல்ல நிலையில் அமர்ந்தவனுக்குப் பிடி தானே வந்து வாய்க்கும். மார்பின்மேல் அமர்ந்திருக்கிறோம் என்று கொள்வோம். கீழே கிடப்பவன் நம்மைத் தள்ளக் கை நீட்டினால், அக்கை பிடிக்கு அகப்படும். கைகளை ஒடுக்கிக்கொண்டு குப்புறப் புரண்டால், முதுகு அகப்படும். இரண்டு வழிகள் இருந்தும் இரண்டும் அவனுக்கு இழப்பே. எதிரியை இவ்வாறு இருதலைக் கொள்ளி எறும்பு ஆக்குவதே இக்கலையின் போர்த்தந்திரம். ஆகவே நூறு பிடிகளைக் கற்க வேண்டியதில்லை. வீழ்த்தும் முறை ஒன்று, காவலைக் கடக்கும் முறை ஒன்று, நிலைத்து நிற்கும் இடம் ஒன்று, அவ்விடத்துக்கு உரிய பிடி ஒன்று என நான்கையும் தொடராகக் கற்றவன், நாற்பது பிடிகளைத் தனித்தனியே கற்றவனை வெல்வான்.

பயிற்சியும் இதற்கேற்ப அமைய வேண்டும். எப்பொழுதும் நின்றுகொண்டே தொடங்கினால் வலியவன் வீழ்த்துவான், மெலியவன் வீழ்வான், இருவரும் புதிதாக ஒன்றும் கல்லார். மெலிவான நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒருவன் கீழே கிடக்கட்டும், மற்றவன் பக்கத்தில் அழுத்தட்டும். இரண்டு நிமிடத்தில் கீழே இருப்பவன் காவலை மீட்க வேண்டும். மீட்டதும் இடம் மாறித் திரும்பத் தொடங்க வேண்டும். பெரிய எடைக்குக் கீழே பதறாமல் மூச்சுவிடக் கற்றவனே இக்கலையின் வாயிலைக் கடந்தவன். அதுவரை கழுத்துப் பிடியைக் கற்பித்தலாகாது.

கழுத்துப் பிடி விளையாட்டு அன்று. மூளைக்குக் குருதி செல்லும் குழாய்கள் கழுத்தின் இருபுறமும் உள்ளன. அவை அடைபட்டால் சில நொடிகளில் உணர்வு மறையும். ஆதலால்தான் இக்கலையில் தட்டுதல் என்னும் அறம் வகுக்கப்பட்டது. அகப்பட்டவன் எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டுவான். தட்டியவுடன் பிடித்தவன் விட்டுவிட வேண்டும். இதில் அரைநொடிக் காலத்தாழ்வுக்கும் இடமில்லை.

தட்டுவது இழிவு என்று நம் இளைஞர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு வரலாறு கூறுகிறேன். 1951இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசி, ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு பொருதார். கிமுரா அவர் கையை முதுகுப்புறம் முறுக்கினார். ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற கிரேசி மரபினர் பின்னர் என்ன செய்தனர் தெரியுமா? தம்மை வென்ற அப்பிடிக்குக் 'கிமுரா' என்றே பெயர் வழங்கினர். இன்றளவும் அப்பெயரே நிலவுகிறது. ஹீலியோவின் உறுதியைப் போற்றுவோம். ஆனால் நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டியது கார்லோஸின் அறிவையே. கை முறிந்த பிள்ளை மறுநாள் பயிற்சிக்கு வர இயலாது. தட்டிய பிள்ளை மறுகணமே எழுந்து மீண்டும் தொடங்குவான்.

பெற்றோர்களே! பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். "ஆண்பிள்ளைகள் பயிலட்டும், பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உளர். வலிமை குறைந்தவர் வலியவரின் கீழே அகப்பட்டால் தப்புவது எவ்வாறு என்பதே இக்கலையின் முதற்பாடம். அப்பாடம் யாருக்கு முதலில் தேவை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2016இல் அதே ரியோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில், சாக்ஷி மாலிக் 58 கிலோ எடைப்பிரிவில் வெண்கலம் வென்றார். இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக் மற்போரில் பெற்ற முதற் பதக்கம் அது. அந்த ஆட்டத்தில் அவர் 0–5 எனப் பின்தங்கி நின்று, பின் 8–5 என வென்றார். பின்தங்கிய வேளையிலும் பதறாமை பெண்ணுக்கு அரிதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சங்கத்தாரிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவரை வாரம் ஒரு முறையேனும் வரவழையுங்கள். புல்தரையை விடுத்து, தடித்த மெத்தை விரிப்புகளை வாங்கிச் சங்கக் கூடத்தில் விரியுங்கள். பயிற்சி வேளையில் பெற்றோர் இருவரேனும் உடன் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: அந்த ஆசிரியர் வரும்வரை ஒருவர் கழுத்தில் ஒருவர் கை வைக்காதீர்கள்.

அன்று முகம் கறுத்துக் கிடந்த சிறுவன் இதோ முன்வரிசையில் தன் தாயாரின் அருகே அமர்ந்திருக்கிறான். இந்த உரைக்கு முன் அவனிடம் ஒன்று கேட்டேன்: "கழுத்து நெருக்குண்டால் என்ன செய்வாய்?" அவன் வாய் திறந்து விடை கூறவில்லை, என் முன்கையில் இருமுறை தட்டிக் காட்டினான். அம்மா, உங்கள் மகன் முதற்பாடத்தைக் கற்றுவிட்டான். இரண்டாம் பாடத்தைக் கற்க அவனை அனுப்பி வையுங்கள்.