பட்டியலின் முதல் வரி

வயல் வேலையையும் மில் ஷிப்டையும் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, பிளஸ் டூ முடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே!

பரிசு கொடுத்தாயிற்று. துண்டு போர்த்தியாயிற்று. போட்டோ எடுத்தாயிற்று. எனக்கு முன்னால் பேசியவர்கள் உங்கள் மார்க்கை மனதாரப் பாராட்டிவிட்டார்கள். மார்க்குக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவே கிடக்கிறதே, மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம், அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் மாவட்டம் 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்குப் பிறகு தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்துக்கே முதலிடம் வாங்கிய மாவட்டம் இது. விருதுநகர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரன் பட்டாசைச் சொல்வான், பால்கோவாவைச் சொல்வான், அடுத்ததாகப் படிப்பைச் சொல்வான். பெருமைதான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் கான்சாபுரத்தில் போன வருஷம் பாஸான பிள்ளைகளில் எத்தனை பேர் ஆசைப்பட்ட கல்லூரிக்குப் போனார்கள்? எத்தனை பேர் கிடைத்ததில் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் எதிலும் சேராமல் ராஜபாளையம் மில்லுக்கும் சிவகாசிக்கும் வேலைக்குப் போனார்கள்? அந்தக் கணக்கு ஊரில் யாரிடமாவது இருக்கிறதா? ரேஷன் கார்டுக்குக் கணக்கு உண்டு. கோயில் வரிக்குத் தலைக்கட்டு நோட்டு உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு நோட்டு கிடையாது.

கல்லூரி ஆசை என்பது பணக்கார வீட்டுச் சமாச்சாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த நாட்டில் கல்லூரிக் கதவு தானாகத் திறந்ததே கிடையாது. யாரோ ஒருவர் தட்டியிருக்கிறார், உள்ளே இருந்து இன்னொருவர் திறந்திருக்கிறார்.

1904ஆம் வருஷம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி. முத்துலட்சுமி என்கிற பெண் அங்கே சேர்ந்து படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டாள். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. எதிர்ப்பு கிளம்பியது. பிறப்பைச் சொன்னார்கள், பெண் என்று சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 'சேர்த்துக்கொள்' என்று உத்தரவு போட்டார். அந்த ஒரு உத்தரவால் உள்ளே போன பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அவருடைய அறிவு அவருடையது. ஆனால் அந்த அறிவுக்கு நாற்காலி போட இன்னொருவர் கை தேவைப்பட்டது.

ராமேசுவரத்து அப்துல் கலாம் கதை உங்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது. சேர்வதற்குச் சுமார் 1000 ரூபாய் வேண்டும். 1950களில் 1000 ரூபாய்! அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இடம் வாங்கியவர் தம்பி, உள்ளே அனுப்பியவர் அக்கா.

அப்புறம் சட்டங்கள் வந்தன. தொழிற்படிப்புக்கு 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் போக வசதி இல்லாத கிராமத்துப் பிள்ளை அதிலேயே பின்தங்கிவிடுகிறது என்று இருபது வருஷத்துக்கும் மேலாகக் குரல் எழுந்து, 2007இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். மருத்துவத்துக்கு 2017இல் நீட் வந்தது. அந்த வருஷம் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, 1200க்கு 1176 வாங்கிய பெண், மருத்துவ இடம் இல்லை என்றானதும் நம்மை விட்டுப் போனாள். அந்த வலி இந்த மாநிலத்தில் இன்னும் ஆறவில்லை. 2020இல் நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அதுவரை விரல்விட்டு எண்ணும்படி இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று அந்த ஒதுக்கீடு விரிந்தது. அதில் பொறியியல் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது.

சரி, இத்தனை கதவு திறந்திருக்கிறது. பிறகு எங்கே நம் பிள்ளை தவறுகிறது? பரீட்சை ஹாலில் இல்லை ஐயா. தாலுகா ஆபீஸிலும் பிரவுசிங் சென்டரிலும்தான் தவறுகிறது.

முதலில் சான்றிதழ். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறோம். வி.ஏ.ஓ. லீவு, ஆர்.ஐ. மீட்டிங், தாசில்தார் கேம்ப். அவர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. ஜனவரியிலேயே எழுதிப்போட்டிருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. இது தெரியாமல் சலுகையை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் தலையில் கை வைக்கிறவர்கள் உண்டு. 7.5 விழுக்காட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. நடுவில் இரண்டு வருஷம் வேன் அனுப்புகிற பள்ளிக்கு மாற்றும் பெற்றோரே, மாற்றுவது உங்கள் உரிமை. ஆனால் எதை விட்டுக்கொடுத்து மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

அடுத்தது செல்போன் எண். விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர்க்காரர் தம்பியின் எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஓடிபி அவருக்கு வரும், கவுன்சிலிங் அறிவிப்பு அவருக்கு வரும், அவர் நூறு பிள்ளைக்குப் பார்க்கிறார். நம் பிள்ளையின் வாய்ப்பு அவருடைய இன்பாக்ஸில் தூங்கும். வீட்டில் ஒரு எண், ஒரு மெயில், ஒரு பாஸ்வேர்டு. அதை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மூன்றாவது, கல்லூரிப் பட்டியல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆசை சாகிறது.

பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தரவரிசை வந்ததும் உங்கள் சுற்றில் இரண்டு மூன்று நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் விருப்பப்பட்ட கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் பதிய வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது தெரியுமா? உங்கள் முறை வரும்போது முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருந்தால் கொடுக்கிறது, இல்லையென்றால் அடுத்த வரி. அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வரி. அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட ஆசைப்படுகிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி, யாருக்குத்தான் ஆசை இருக்காது? பக்கத்தில் நிற்கிற அண்ணன் சொல்கிறார்: "ஏய், உன் மார்க்குக்கு கிண்டியெல்லாம் கிடைக்குமாடா? அதைப் போட்டா கீழ இருக்கதும் போயிரும்." போகாது தம்பி! எட்டாத கல்லூரியை முதல் வரியில் போட்டதற்காக எட்டுகிற கல்லூரியை யாரும் பறிக்க மாட்டார்கள். ஆசைக்கு அங்கே அபராதம் இல்லை. மேலே ஆசையை எழுது, நடுவில் நியாயமாகக் கிடைக்கக்கூடியதை எழுது, கீழே கட்டாயம் கிடைக்கக்கூடியதை எழுது. ஐந்து வரியோடு நிறுத்தாதே, ஐம்பது வரி எழுது. பயந்துபோய் நாலே நாலு கல்லூரி போட்டுவிட்டு, நல்ல மார்க் இருந்தும் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போனது மார்க் அல்ல, சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்கிற பழைய பட்டியல் கவுன்சிலிங் இணையதளத்தில் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை விழுக்காடு பேர் செமஸ்டர் பாஸாகிறார்கள் என்று அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. நோட்டீஸைப் பார்க்காதீர்கள், அந்தப் பட்டியலைப் பாருங்கள். மே மாதம் பிறந்தால் பைக்கில் ஏஜெண்டுகள் வருவார்கள். லேப்டாப் இலவசம், பஸ் இலவசம் என்பார்கள். 'அசல் சர்டிபிகேட்டைக் கொடுங்க, சீட்டு உறுதி' என்பார்கள். கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி.

பொறியியலும் மருத்துவமும் மட்டும்தான் கனவா? பிளவக்கல் அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிற ஊர்கள் நம்முடையவை. நெல்லும் தென்னையும் மாவும் நாம் வளர்ந்த வீடு. இங்கிருந்து ஒரு பிள்ளை மதுரை வேளாண் கல்லூரிக்குப் போனால் அது எந்த விதத்தில் குறைந்த கனவு? அணில் சரணாலயம் நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இந்தக் காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அதைப் படிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். விலங்கியலும் தாவரவியலும் எடுத்து நம் பிள்ளை படித்தால் என்ன? அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன், வரலாறு எடுக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "மார்க் இல்லையோ?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் ஒரு பிள்ளை சுருங்கிப் போவதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

தாய்மார்களே, உங்களிடம் தனியாக ஒன்று. "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரமா அனுப்பறது?" என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேர் நாளைக்கு உங்கள் மகளுக்குச் சம்பளம் தரப் போகிறார்களா? அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஒரு பிடிமானம். தூரம் பயமாக இருந்தால் ஒருமுறை நீங்களே கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காத தூரம்தான் பெரிதாகத் தெரியும்.

பிள்ளைகளே, எல்லாம் சரியாகச் செய்தும் ஆசைப்பட்ட இடம் கிடைக்காமல் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். ஒரே கட்-ஆஃபில் பலர் நிற்பார்கள். கணித மார்க்கைப் பார்ப்பார்கள், இயற்பியலைப் பார்ப்பார்கள், பிறந்த தேதி வரை போய், கடைசியில் ரேண்டம் எண்ணில் ஒருவர் முன்னால் போவார். அது உங்கள் அறிவின் மீது எழுதிய தீர்ப்பு அல்ல. எம்.ஐ.டி.யில் படித்து முடித்த கலாம் விமானப்படை விமானியாக ஆசைப்பட்டு டேராடூன் தேர்வுக்குப் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அதன் பிறகு அவர் எங்கே போனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாஸாகாத பிள்ளைக்குத் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறியவர்களுக்கு அதே வருஷம் துணைக் கலந்தாய்வும் உண்டு. மனசு பாரமாக இருந்தால் தனியாக உட்காராதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள், யாருமில்லை என்று தோன்றினால் 104 உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

இனி ஊருக்கு. நம் மாவட்டத் தலைநகரில் சத்திரிய வித்யாசாலை என்றொரு பள்ளி, 1889இல் எழுந்தது. அரசு கட்டியதல்ல, ஜமீன்தார் கட்டியதல்ல. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி பள்ளிக்கூடமானது. அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். பாதியில் நின்றவர், முதலமைச்சரானதும் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார், 1956இல் மதிய உணவு கொடுத்தார். அன்றைக்கு ஊருக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அரிசி கேட்டார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வழி சொல்ல ஆள் இல்லை. ஆகவே உங்களிடம் நான் அரிசி கேட்கவில்லை, ஒரு பிடி நேரம் கேட்கிறேன்.

மே முதல் ஜூலை வரை, நம் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் ஒரு மேசை போடுவோம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விவரம் தெரிந்த ஒருவர். விண்ணப்பமோ கல்லூரிப் பட்டியலோ, அங்கே உட்கார்ந்து நாலு கண் பார்த்த பிறகுதான் அனுப்புவது. ஊரில் பட்டம் வாங்கிய ஒவ்வொருவரும், இப்போது கல்லூரியில் படிக்கிற ஒவ்வொரு அண்ணனும் அக்காவும், வருஷத்துக்கு ஒரு பிள்ளையைக் கையில் எடுங்கள். சான்றிதழ் வாங்குவதிலிருந்து கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை அந்தப் பிள்ளை உங்கள் பொறுப்பு. ஊருக்கு ஒரு நோட்டு போடுவோம். யார் எங்கே சேர்ந்தார்கள், யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று அதில் எழுதுவோம். அடுத்த வருஷம் இதே மேடையில் மார்க்கை வாசிக்கும்போது அந்த நோட்டையும் சேர்த்து வாசிப்போம்.

கூட்டம் கலைவதற்கு முன்னால், வாசலில் விழாச் செயலாளர் நோட்டோடு நிற்பார். பட்டம் வாங்கியவர்கள் பெயரையும் செல்போன் எண்ணையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளே, முதல் வரியில் நீங்கள் ஆசைப்பட்ட கல்லூரியை நீங்களே எழுதுங்கள். அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். இரண்டாவது வரியிலிருந்து நாங்கள் கூட உட்காருகிறோம்.