கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் இன்டர்நெட்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்பது ஆண்டுகளாகக் கடை நடத்தும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். எந்தச் சரக்கு எந்த மாதம் விலை ஏறும் என்று அவரைக் கேட்டால் போதும். யார் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைத் திறக்காமலேயே சொல்வார். அப்படிப்பட்டவர், மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் பேரன் பள்ளிக் கூடத்திலிருந்து வரும் வரை காத்திருக்கிறார். வந்ததும் செல்போனை அவன் கையில் கொடுத்து, ரகசிய எண்ணையும் சத்தமாகச் சொல்கிறார். ஏன் இப்படி என்று கேட்டேன். "நமக்கு அதெல்லாம் வராது ஹஜ்ரத்!" என்றார்.

அந்த "வராது" என்ற சொல்லைப் பற்றித் தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அவருக்கு அறிவு இல்லையா? இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தராசு பிடிக்க அவர் எந்த வகுப்புக்கும் போனதில்லை. கால்குலேட்டர் வந்த போது ஒரே நாளில் பழகிக் கொண்டார். அவருக்கு வராமல் போனது கருவி அல்ல. தேவையில்லாத நூறு விஷயங்களைத் தலையில் கட்டும் கருவி தான் வரவில்லை. குறை அவரிடம் இல்லை. அந்தக் கருவியைச் செய்தவர்களிடம் இருக்கிறது.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. இதற்கு ஆதாரம் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டில் நடந்தது

இன்டர்நெட் பொது மக்களிடம் வருவதற்கு முன்பே, 1982ல் பிரான்ஸ் அரசின் தொலைபேசித் துறை 'மினிடெல்' என்ற கருவியை நாடு முழுவதும் கொண்டு வந்தது. சிறிய திரை, மடக்கி மூடும் விசைப் பலகை, தொலைபேசி இணைப்பு. அவ்வளவு தான். அச்சடித்த டைரக்டரிக்குப் பதிலாக இந்தக் கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள்.

அதன் விசைகளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'அனுப்பு', 'திருத்து', 'அடுத்தது', 'திரும்பு', 'வழிகாட்டி' என்று அவர்களுடைய மொழியில், செய்ய வேண்டிய வேலையையே எழுதி வைத்தார்கள். முதல் வேலையாக எல்லோருக்கும் தேவையான ஒன்றைக் கொடுத்தார்கள்: தொலைபேசி எண்ணைத் தேடுவது. அதற்கு முதல் மூன்று நிமிடங்கள் கட்டணமும் கிடையாது. அந்த ஒன்றைப் பழகியவர்கள் பிறகு ரயில் டிக்கெட் பதிவு செய்தார்கள், வங்கிக் கணக்கைப் பார்த்தார்கள், கடைக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கட்டணம் தொலைபேசி பில்லோடு சேர்ந்து வந்தது.

கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத விவசாயிகளும் இல்லத்தரசிகளும் முதியவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். 1990களின் இறுதியில் சுமார் 90 லட்சம் கருவிகள் அங்கே இருந்தன. முப்பது ஆண்டுகள் ஓடி, 2012 ஜூன் 30 அன்று தான் அது நிறுத்தப்பட்டது.

எனவே, மக்களுக்கு வராது என்பது பொய். மக்களுக்கு ஏற்றபடி கொடுத்தால் வரும்.

அமெரிக்கப் பெட்டிகள்

அப்படியானால் எளிதான கருவி எதைக் கண்டாலும் வாங்கி விடலாமா? அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள்.

1996ல் 'வெப் டி.வி.' என்ற பெட்டி அங்கே விற்பனைக்கு வந்தது. வீட்டு டெலிவிஷனோடு இணைத்து விட்டால் ரிமோட்டைக் கொண்டே இன்டர்நெட் பார்க்கலாம். சோபாவில் உட்கார்ந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்துக்கள். மாதம் சுமார் 20 டாலர் கட்டணம். 1997ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 40 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கியது. எத்தனையோ முதியவர்கள் தங்கள் வாழ்நாளின் முதல் மின்னஞ்சலை அந்தப் பெட்டியில் தான் அனுப்பினார்கள்.

2013 செப்டம்பர் 30ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அன்றோடு வீட்டிலிருந்த பெட்டியும் செத்தது. பெட்டி பழுதாகவில்லை. வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மறுமுனையில் இருந்த கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை நிறுத்தியது. பெட்டியால் வேறு எங்கும் போக முடியவில்லை. காசு கொடுத்து வாங்கியது இவர்; சாவி இருந்தது அவர்களிடம்!

வியாபாரிகளுக்குப் புரியும்படி இன்னொன்று சொல்கிறேன். 1999ல் வந்த 'ஐ ஓப்பனர்' என்ற கருவி 99 டாலருக்கு விற்கப்பட்டது. அதன் அடக்க விலையோ அதை விட மிக அதிகம். நஷ்டத்திற்கு ஒருவன் சரக்கு விற்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வேறு எங்கோ எடுக்கப் போகிறான் என்று தானே? அப்படித் தான். அந்தக் கம்பெனியின் மாதச் சந்தாவில் மட்டுமே கருவி இயங்கும்படி செய்திருந்தார்கள். 2000ல் அதைத் திறந்து, ஹார்ட் டிஸ்க் மாட்டி, சாதாரணக் கம்ப்யூட்டராக மாற்றும் வழியைச் சிலர் கண்டுபிடித்து விட்டார்கள். சந்தா கட்டாமல் கருவியை மட்டும் வாங்க ஆட்கள் ஓடினார்கள். இரண்டு ஆண்டு கூட அந்த வியாபாரம் தாக்குப் பிடிக்கவில்லை.

அதே 2000ல் 'ஆட்ரி' என்று ஒன்று வந்தது. விலை 499 டாலர். கூடக் கொஞ்சம் போட்டால் முழுக் கம்ப்யூட்டரே கிடைக்கும் என்ற நிலையில் யார் வாங்குவார்? ஓர் ஆண்டுக்குள் அதை நிறுத்தி விட்டார்கள்.

உங்கள் கல்லாவில் பேசும் பெட்டி

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். உங்களில் பலருடைய கல்லா மேஜையில் ஓர் எளிய இன்டர்நெட் கருவி இப்போதும் இருக்கிறது. வாடிக்கையாளர் க்யூ.ஆர். அட்டையைப் படம் பிடித்துப் பணம் அனுப்பியதும் "இவ்வளவு ரூபாய் வந்தது" என்று பேசுகிறதே, அந்தப் பெட்டி தான்! அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. பணம் கணக்கில் சேர்ந்த செய்தி செல்போன் டவர் வழியாக வந்து குரலாக மாறுகிறது. திரை வேண்டாம், படிக்க வேண்டாம், எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம்.

இதனால் பாதுகாப்பும் உண்டு. பணம் அனுப்பியதாகப் போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அட்டையின் மேல் தங்கள் அட்டையை ஒட்டி விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் பெட்டி பேசாது. பேசாத போது சரக்கைக் கொடுக்காதீர்கள். ஆனால் பெட்டியின் குரல் கணக்குப் புத்தகம் ஆகி விடாது. இரவில் கடை அடைக்கும் முன் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

சாதாரணப் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யு.பி.ஐ. 123 பே' முறையைத் தொடங்கி வைத்தது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்வதைக் கேட்டு, எண்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

2017ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் ஜியோ போன் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். எண் பொத்தான்களோடு இன்டர்நெட்டும் கொடுத்தது. நல்ல விஷயம் தான். ஆனால் ஒரே கம்பெனியின் சிம் மட்டுமே அதில் வேலை செய்யும். 2018ல் அதற்கு வாட்ஸ் அப் வந்தது; 2024ல் அந்த வகை போன்களில் வாட்ஸ் அப்பைப் புதிதாக ஏற்றுவது நிறுத்தப்பட்டது. வெப் டி.வி.யின் கதையைச் சும்மாவா சொன்னேன்?

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

ஆகவே, எளிய கருவி என்று எதை யார் கொண்டு வந்தாலும் கடைக்காரருக்கே உரிய முறையில் விசாரியுங்கள்.

1. கம்பெனி சேவையை நிறுத்தினால் இந்தக் கருவி வேறு எதற்காவது பயன்படுமா?

2. வாங்கும் விலையோடு மாதா மாதம் எவ்வளவு? இரண்டு ஆண்டுக்குக் கூட்டினால் எவ்வளவு?

3. என் கணக்கும், நான் பதிந்து வைத்த எண்களும் என் கைக்குத் திரும்பி வருமா?

பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை

உங்கள் வாப்பா போனை நீட்டும் போது, "கொடுங்க, நான் பண்ணித் தாரேன்" என்று வெடுக்கென்று வாங்கி இரண்டு நொடியில் முடித்துக் கொடுக்கிறீர்கள். உதவி செய்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில், அவர் நாளையும் உங்களுக்காகக் காத்திருக்கும்படி செய்து விட்டீர்கள்.

அரபி மதரஸாவில் ஓதி வந்தவன் நான். முதன் முதலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த போது, எதைத் தொட்டால் எது கெட்டுப் போகுமோ என்று என் விரல் நடுங்கியது. சொல்லிக் கொடுத்த தம்பி விசைப் பலகையை ஒரு முறை கூடத் தொடவில்லை. "நீங்களே அழுத்துங்க ஹஜ்ரத், ஒண்ணும் கெட்டுப் போகாது" என்று சொல்லி விட்டுக் கையைக் கட்டிக் கொண்டு பக்கத்தில் நின்றார். அதனால் தான் கற்றேன்.

நீங்களும் அப்படி நில்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. அவருடைய விரலே அழுத்தட்டும். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக மாற்றிக் கொடுங்கள். செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். ரகசிய எண்ணை மட்டும் கேட்காதீர்கள். அவரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் அனுப்பத் தான் அந்த எண் தேவை, பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை என்பதையும் அவருக்கு மனதில் பதியும்படி சொல்லுங்கள்.

நான் முதலில் சொன்ன பெரியவரிடம் அவருடைய பேரனையே இந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறேன். ரகசிய எண்ணை மாற்றியாகி விட்டது. அது என்னவென்று இப்போது பேரனுக்குத் தெரியாது. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை மொத்த வியாபாரிக்கு அவரே பணம் அனுப்புவார். உங்கள் வீட்டிலும் இன்று இரவே தொடங்குங்கள்.