தாவலும் தரமும்

ஒரு நாடகத்தை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதிலே தமிழருக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. ஒரு காவியத்தை எடைபோடுவதிலும் உண்டு. வீடியோ விளையாட்டு என்று வந்துவிட்டாலோ, பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் பண்டம் என்ற ஒரே வாக்கியத்தோடு பெரியோரின் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. மிக நல்ல விளையாட்டு என்ற ஒரே வாக்கியத்தோடு பிள்ளைகளின் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. இவ்விரு தீர்ப்புகளிலும் அந்த விளையாட்டைப் பற்றிய செய்தி யாதும் இல்லை. ஆகவே ஒரேயொரு விளையாட்டை எடுத்து, அது எதனாற் சிறந்தது, எங்கே சறுக்கியது என்று சற்று நின்று பார்ப்பது பயனுடையது.

அவ்வாறு எடுத்துக்கொள்ளத் தக்கது, யப்பானிய நிறுவனமாகிய கொனாமி 1997 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பிளேஸ்ரேசன் என்னும் கருவிக்காக வெளியிட்ட "காசில்வேனியா: சிம்பொனி ஒவ் த நைற்". ரோரு ஹகிஹாரா இதனை இயக்கினார். துணை இயக்குநராக இருந்த கோஜி இகராசியின் பெயரே பின்னர் இதனோடு பெரிதும் இணைத்துப் பேசப்படலாயிற்று. இசை மிச்சிரு யமானே என்னும் பெண்மணியுடையது. பாத்திரங்களின் ஓவியங்களைத் தீட்டியவர் அயாமி கோஜிமா.

இரண்டு குலங்களின் கலப்பிற் பிறந்த பிள்ளை இது. ஒரு குலம், மேடைக்கு மேடை தாவும் விளையாட்டு. 1985 இல் வெளிவந்த "சுப்பர் மாரியோ" அதற்குப் பேர்போனது. அங்கே தேர்ச்சி முழுவதும் ஆடுவோரின் விரலில் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்டத் தெரிந்தவன் தாண்டுவான், தெரியாதவன் விழுவான். மற்றைக் குலம், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. அது 1974 இல் அமெரிக்காவிலே தாளும் பகடையும் கொண்டு ஆடப்பட்ட "டஞ்சன்ஸ் அன்ட் டிறாகன்ஸ்" என்பதிலிருந்து கிளைத்தது. 1986 இல் வந்த "டிறாகன் குவெஸ்ற்" வழியாக யப்பானிலே வீடுதோறும் புகுந்தது. இங்கே வளர்வது பாத்திரம். பகையை வென்றால் அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் தரம் உயரும். தரம் உயர்ந்தால் அடியின் வலிமையும் உயிரின் அளவும் கூடும்.

இவ்விரண்டையும் சேர்ப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாத்திரம் தானாகவே வலிமை பெறுமாயின், ஆடுபவர் தேர்ச்சி பெறவேண்டிய தேவை என்ன? பரீட்சையில் விடையெழுதிப் பெறும் புள்ளிக்கும், வருகைப் பதிவேட்டில் நாள் தவறாமல் வந்தமைக்குக் கிடைக்கும் புள்ளிக்கும் வேறுபாடு உண்டன்றோ? இந்தக் கேள்விக்கு விடைகாணாமல் இவ்வகை விளையாட்டை மதிப்பிடுதல் இயலாது.

இத்தொடரின் முதல் விளையாட்டு 1986 இல் வந்தது. அது கடுமையானது. வீரன் ஒருமுறை தாவிவிட்டால் நடுவானிலே திசையை மாற்ற இயலாது. பகை தொட்டால் பின்னோக்கித் தூக்கியெறியப்படுவான். பின்னாலே பள்ளம் இருந்தால் உயிர் போகும். ஆயினும் தேர்ந்த கைக்காரர் சில மணிநேரத்துக்குள் இத்தகைய ஆட்டத்தை முடித்துவிடுவர். ஆடி முடித்த பிரதிகள் பழைய பண்டம் விற்கும் கடைகளிலே மலிந்து கிடந்தமை, நெடுநாள் ஆடத்தக்க ஒன்றைச் செய்யும் எண்ணத்தைத் தூண்டியது என்று இகராசி பிற்காலத்திற் கூறியிருக்கிறார். வணிகத்திற் பிறந்த எண்ணந்தான். எனினும் அது கலைக்கு உதவிற்று.

கதை 1797 ஆம் ஆண்டில் நிகழ்வது. குருதி குடிக்கும் டிராக்குலாப் பிரபுவின் கோட்டை மீண்டும் எழுகிறது. அதனை அழிக்க வருபவன் அவனுடைய மகனே. பெயர் அலுக்காட். தந்தையின் பெயரை ஆங்கில எழுத்துக்களிலே தலைகீழாக எழுதினால் மகனின் பெயர் வரும். தமிழிலே இந்த வித்தை பலிக்காது.

தொடக்கம் நுட்பமானது. அலுக்காட் நல்ல வாளும் கவசமும் அணிந்தவனாய்க் கோட்டைக்குள் ஓடிவருகிறான். எதிர்ப்பட்டவை எல்லாம் ஓரடியில் வீழ்கின்றன. சில அறைகள் கடந்ததும் யமன் எதிரே தோன்றி, அவன் அணிந்த அனைத்தையும் பறித்துக்கொள்கிறான். அதன்பின் சாதாரண எலும்புக்கூடு ஒன்றுகூட அவனுக்குப் பெரும் பகையாகிறது. இழந்தது இன்னது என்பதை முன்னரே கையாற் பழகிவிட்டமையால், அதனை மீட்கும் ஆவல் ஆடுவோர்க்குத் தானே பிறக்கிறது. எந்த முன்னுரையும் இதைவிடத் தெளிவாக நோக்கத்தை அறிவித்திருக்க முடியாது.

இனி வளர்ச்சிக்கு வருவோம். இக்கோட்டையில் இரண்டு வகை வளர்ச்சி உண்டு. அவற்றை ஒன்றாக எண்ணிப் புகழ்வோரும் இகழ்வோரும் பலர். ஒன்று, ஆற்றலாலே வரும் வளர்ச்சி. வானில் இருக்கும்போதே மறுமுறை தாவும் ஆற்றல், ஓநாயாகும் ஆற்றல், பனிமூட்டமாகிக் கம்பிவலைக்குள் நுழையும் ஆற்றல், வௌவாலாகிப் பறக்கும் ஆற்றல் ஆகியவை ஒவ்வொன்றாக அலுக்காட்டின் கைக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் வந்தவுடன், முன்பு எட்டாதிருந்த மேடையும் அடைபட்டிருந்த வழியும் நினைவில் எழுகின்றன. அந்தக் கம்பிவலையை எங்கே கண்டோம் என்று ஆடுபவர் வரைபடத்தை விரித்துத் தேடுகிறார். இங்கே வளர்வது பாத்திரம் மாத்திரம் அன்று. இடத்தைப் பற்றிய அறிவும் வளர்கிறது. கோட்டை ஊராகிவிடுகிறது. முதலிலே திகைத்து நின்ற தெருவிலே பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுபோல நடக்கலாம். பள்ளத்தில் விழுந்து மாளும் பழைய முறையையும் இவ்விளையாட்டுக் கைவிட்டது. தாவல் தவறினால் கீழே உள்ள அறையில் நிற்பான், மறுபடி ஏறலாம். தண்டனை குறைந்தமையால் உலாவும் துணிவு கூடுகிறது.

மற்றையது எண்ணாலே வரும் வளர்ச்சி. விளையாட்டின் குறை முழுவதும் இங்கேதான் குடியிருக்கிறது. தரம் உயர உயர, கவசம் ஏற ஏற, பிற்பாதியிலே பல பகைகளின் அடி ஒரேயொரு புள்ளி உயிரையே குறைக்கிறது. கிரிசேகிறிம் என்றொரு வாள் உண்டு. தடைசெய்யப்பட்ட நூலகத்திலே திரியும் ஒரு சிறு பேயை மீண்டும் மீண்டும் கொன்றால் என்றோ ஒருநாள் அது கிடைக்கும். நடந்துகொண்டே கண்ணிமைக்குள் பல வெட்டு வெட்டும் அவ்வாள் கையில் இருந்தால், எதிர்நிற்பது எது என்று பார்க்கவும் வேண்டியதில்லை. பகையின் நடையைக் கவனித்து, அதன் அடி வரும் நேரம் அறிந்து ஒதுங்கிப் பெற்ற தேர்ச்சி அங்கே வேலையற்றுப் போகிறது. பொறுமையாகப் பேயைக் கொன்றவனும் திறமையாக ஆடியவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதற்கு மறுமொழி உண்டு. அதனைத் தள்ளிவிடல் நியாயமன்று. கைவேகம் குறைந்தவர், வயதானவர், பொத்தானை அழுத்தப் புதிதாகப் பழகுபவர் ஆகியோருக்குப் பழைய விளையாட்டு முதற் பள்ளத்திலேயே கதவை அடைத்தது. இவ்விளையாட்டு அவர்களையும் உள்ளே அழைத்தது. எண்ணால் வரும் வளர்ச்சி அவர்களுக்கு ஊன்றுகோல். குறை என்னவெனில், நடக்க வல்லவனுக்கும் அதே ஊன்றுகோலைக் கொடுத்து, அதைக் கீழே வைக்கும் வழியை முதல் ஆட்டத்திலே காட்டாமல் விட்டமை. கடினத்தைக் கூட்டவோ குறைக்கவோ தொடக்கத்திலே தெரிவு எதுவும் இல்லை.

கோட்டையின் பாதியிலே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பேய்வேட்டைக் குலத்து வீரனாகிய றிக்ரர் பெல்மொண்ட் கோட்டைக்குத் தலைவனாய் எதிரே நிற்கிறான். அவனைக் கொன்றால் ஆட்டம் முடிந்ததாகத் திரை காட்டும். பலர் அத்தோடு கருவியை அணைத்திருப்பர். ஆயின், அதற்கு முன் பொன் மோதிரம், வெள்ளி மோதிரம் இரண்டையும் தேடி அணிந்து மணிக்கூட்டு அறைக்குச் சென்றவனுக்கு, மரியா என்னும் பெண் ஒரு கண்ணாடி தருகிறாள். அதனூடே பார்த்தால் றிக்ரரை வேறொருவன் ஆட்டுவிப்பது தெரியும். மறைந்திருப்பவனை அடித்தால் றிக்ரர் பிழைப்பான். வானிலே தலைகீழான இரண்டாவது கோட்டை ஒன்று தோன்றும். ஆராயாமல் கொன்றவனுக்குப் பாதிக் கதை; ஐயுற்றுத் தேடியவனுக்கு முழுக் கதை. எழுத்தாலோ ஓவியத்தாலோ செய்ய இயலாத ஒன்றை இவ்விளையாட்டு இங்கே செய்திருக்கிறது.

அந்தத் தலைகீழ்க் கோட்டையோ எதிர்பார்த்த அளவுக்கு நிறைவு தரவில்லை. முதற் கோட்டையின் அறைகளையே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கூரையிலே நடப்பது முதலில் வியப்புத்தான். ஆனால் அவ்வறைகள் அவ்வாறு நடப்பதற்காக வகுக்கப்பட்டவை அல்ல. அதற்குள் அலுக்காட் பறக்கவும் பழகிவிடுகிறான். தாவுவதற்குரிய மேடைகள் வெறும் அலங்காரமாகின்றன. இசையிலும் சிக்கனம் புலப்படுகிறது. முதற் கோட்டையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இசை வகுத்த யமானேயின் வளத்தை, ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வரும் பல பகுதிகளிலே தேடவேண்டியிருக்கிறது. இரு கோட்டைகளையும் முழுவதும் சுற்றினால் வரைபடம் நூற்றுக்கு 200.6 என்று காட்டும். அந்த எண்ணுக்காகவே மூலைமுடுக்கெல்லாம் தடவியோர் உண்டு.

ஆயினும், எண்ணுக்குள் அடங்காத சில இடங்களே நினைவில் நிற்கின்றன. வெளிமதிலிலே ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதில் அலுக்காட் கண்வைத்துப் பார்க்கலாம். அதனாற் புள்ளி ஒன்றும் கூடாது. கோயிலிலே பாவமன்னிப்புக் கூண்டு உண்டு. அங்கே அமர்ந்தால் ஒரு பாதிரியாரின் ஆவி ஒருநேரம் அருள்செய்யும், மறுநேரம் ஈட்டியாற் குத்தும். இன்னோரிடத்தில் அவனுடைய தாய் இலீசாவின் உருவம் எடுத்து மோகினி ஒருத்தி வருகிறாள். நோயாளருக்கு மருந்து கொடுத்தமைக்காகச் சூனியக்காரி என்று பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவள் அந்தத் தாய். மோகினியோ மானிடரை வெறுக்கும்படி மகனுக்குச் சொல்கிறாள். என் தாய் இவ்வாறு சொல்லமாட்டாள் என்று உணர்ந்தே அவன் அந்த வேடத்தைக் கலைக்கிறான். மணிக்கூட்டு அறைக்கு வேண்டிய பொன் மோதிரம் அவளை வென்ற பின்னரே கிட்டுகிறது. கதையும் விளையாட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் இது.

1997 இல் வந்த ஆங்கிலக் குரல்நடிப்பு நெடுநாள் நகைப்புக்கு இடமாயிருந்தது; 2007 இல் கைக்கருவிக்காக வந்த பதிப்பிலே அது புதிதாகப் பதியப்பட்டது. 2020 இல் கைத்தொலைபேசிக்கும் இவ்விளையாட்டு வந்தது.

எண்ணால் வரும் வளர்ச்சி நீங்கினால் என்ன எஞ்சும் என்பதைச் சோதிக்கும் வழியையும் ஆக்கியோரே வைத்திருக்கிறார்கள். முதற் பதிப்பிலே ஆட்டத்தை ஒருமுறை முடித்தபின், புதிய ஆட்டத்தில் பெயர் கேட்குமிடத்திலே றிக்ரரின் பெயரை எழுதினால், சாட்டை ஏந்திய அவனாகவே ஆடலாம். ஆயுதப் பை இல்லை. அனுபவப் புள்ளியால் உயரும் தரமும் இல்லை. கதையும் இல்லை. அதே படிக்கட்டு, அதே எலும்புக்கூடு. அப்பொழுது அந்த எலும்புக்கூட்டின் கை எப்பொழுது ஓங்குகிறது என்று மீண்டும் பார்க்கவேண்டியிருக்கிறது.